ஒலியடக்கியும் அதன் ஐந்து திருகுகளும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் நால்வர் கூடினால் அங்கே ஒரு சங்கம் எழும். சங்கம் எழுந்தால் மேடை ஒன்று அமையும். மேடை அமைந்தால் அதன்மேல் ஒரு மைக் நிற்கும். மும்பை மாதுங்காவானாலும் டில்லி கரோல்பாகானாலும் இதில் வேறுபாடு இல்லை. முன்னாளில் ஒலிபெருக்கியை வாடகைக்குக் கொண்டுவருபவரே அதன் பொறுப்பு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். இந்நாளிலோ மிக்ஸர் எனப்படும் ஒலிக்கலவைப் பெட்டியைச் சங்கங்களே வாங்கி வைத்திருக்கின்றன. அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்பர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதன்முன் அமர்கிறார். அந்த அன்பரை மனத்திற்கொண்டே இன்று பேசப் புகுந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு நகர் ஒன்றில், ஒலிப் பொறுப்பை நாங்கள் ஏற்றிருந்த ஒரு கூட்டத்தில் நிகழ்ந்ததை முதலிற் கூறுகிறோம். பொங்கலுக்கு ஊர் திரும்பும் குடும்பங்களை ரயில் நிலையத்தில் கொண்டுசேர்க்கப் பேருந்து ஒன்று ஏற்பாடாகியிருந்தது. கூட்டத்தின் முடிவிலே செயலாளர் எழுந்து, “பெரியோர்களே, தாய்மார்களே!” என்று உரத்த குரலில் அழைத்து, “நாளை விடியற்காலையில் நமது பேருந்து வழக்கம்போல் மன்றத்தின் வாசலில் நிற்காது” என்று அறிவித்தார். அழைப்பு மண்டபமெங்கும் முழங்கிற்று. வாக்கியத்தின் இறுதியில் அவர் குரல் இயல்பாகத் தாழ்ந்தது. பின்வரிசையில் இருந்தோர் ‘வாசலில் நிற்’ என்பது வரையே கேட்டனர். எஞ்சியதைத் தாமே நிரப்பிக்கொண்டனர். பேருந்து எங்கே நிற்கும் என்று அவர் அடுத்துச் சொன்னது, கலைந்து எழுந்தோரின் நாற்காலி ஓசையில் மறைந்துபோயிற்று. மறுநாள் மார்கழிக் குளிரில் இரண்டு குடும்பங்கள் மூட்டையும் குழந்தைகளுமாக மன்றத்து வாசலில் காத்து நின்று, ரயிலைத் தவறவிட்டன.

செயலாளர்மேல் குற்றமில்லை, மைக்கிலும் பழுதில்லை. எங்கள் கையில் இருந்தது குற்றம். ஒலியடக்கி என்னும் கருவியின் திருகு ஒன்றை நாங்கள் தவறான இடத்தில் நிறுத்தியிருந்தோம். அது எந்தத் திருகு, அது செய்த தீங்கு யாது என்பவற்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

இதற்குமுன் நம் மொழியின் இயல்பொன்றை நினைவூட்ட வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது. அது மட்டுமா? ஆம், இல்லை என்னும் தீர்ப்பே அவ்வினையின் கடைசி அசையில்தான் இருக்கிறது. ‘நிற்கும்’ என்பதற்கும் ‘நிற்காது’ என்பதற்கும், ‘வேண்டும்’ என்பதற்கும் ‘வேண்டாம்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பாருங்கள். இந்தியிலும் வினை இறுதியில்தான் வருகிறது; ஆனால் ‘நஹீம்’ என்னும் மறுப்புச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னரே வந்து நம்மை எச்சரித்துவிடுகிறது. தமிழிலோ மூச்சுக் குறைந்து குரல் தாழும் இடமும், பொருள் முடிவாகும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. எனவே தமிழ்ப் பேச்சைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வோர் வாக்கியத்தின் வாலைக் காப்பதையே முதற்கடமையாகக் கொள்ளவேண்டும்.

இனிக் கருவிக்கு வருவோம். ஆங்கிலப் பெயரால் கம்ப்ரெஸர் எனப்படும் ஒலியடக்கியின் வேலை மிக எளியது. ஒலி மிகும்போது திருகைச் சற்றே இறக்கி, குறையும்போது மீண்டும் ஏற்றும் ஒரு கையை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கையின் வேலையைத் தானே செய்யும் கருவி இது. முற்காலத்தில் வானொலி நிலையங்களில் மனிதக் கையே இதைச் செய்தது. பேச்சாளர் உரக்கப் பேசும்போது திருகை இறக்குவதும், தணிந்து பேசும்போது ஏற்றுவதுமாகப் பொறியியலாளர் விழிப்போடு அமர்ந்திருப்பார். ஆயினும் திடீரென்று எழும் ஓசையைக் கண்டு கை அசைவதற்குள் காலம் கடந்துவிடும். இக்குறையை நீக்க 1930-களிலேயே ஒலிபரப்புத் துறையில் தானியங்கும் அடக்கிகள் தோன்றின.

ஒலிபரப்புக்கு இக்கருவி இன்றியமையாததானதன் காரணம் யாது? மத்திய அலை ஒலிபரப்பில் குரலின் ஏற்றத்தாழ்வு ஊர்தி அலையின் வீச்சிலே பதிகிறது. குரல் வரம்பு மீறினால் பண்பேற்றம் 100 சதவிகிதத்தைக் கடந்து ஒலி சிதையும். பக்கத்து அலைவரிசைகளிலும் இரைச்சல் புகும். குரல் மிகத் தாழ்ந்தாலோ, மின்னல் எழுப்பும் கரகரப்பில் அது மூழ்கிவிடும். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் நாளும் தொடங்கின. இரவில் மத்திய அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லக்கூடியவை. அக்கரகரப்புக்கிடையே ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடிக்கப் பெட்டியில் காதை வைத்துக் கேட்ட முதியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. மேலே இடிக்காமலும் கீழே மூழ்காமலும் குரலை நடத்திச் செல்வது எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஒலியின் அளவைக் குறிக்க டெசிபெல் என்னும் அலகு வழங்குகிறது. ரகசியப் பேச்சு ஏறத்தாழ 30 டெசிபெல், ஓரடி ஈரடி விலகி நிகழும் சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல் எனலாம். 6 டெசிபெல் ஏறினால் ஒலியழுத்தம் இரு மடங்காகும். 10 டெசிபெல் ஏறினால் நம் செவிக்கு ஒலி ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். ஆனால் இக்காலத்து எண்முறைக் கருவிகளின் மீட்டரில் சுழியமே உச்சி. அதற்குக் கீழுள்ளவை யாவும் கழித்தற்குறியோடு எழுதப்படும். கழித்தல் 8 என்பது கழித்தல் 20-ஐ விட உரத்தது என்பதை மட்டும் மறவாதிருந்தால் போதும்.

முதல் திருகு திரெஷோல்டு. நாம் அதனை வாயிற்படி என்போம். ஒலி இப்படிக்குக் கீழே இருக்கும் வரையில் கருவி கைகட்டி நிற்கும். படியைத் தாண்டினால்தான் வேலை தொடங்கும். படியை மிக உயரத்தில் வைத்தால் கருவி இருந்தும் பயனில்லை. மிகத் தாழ்த்தி வைத்தாலோ ஒவ்வோர் அசையையும் அது பற்றி அமுக்கும். பேச்சு உயிரற்றுப் போகும்.

இரண்டாவது ரேஷியோ, அதாவது விகிதம். படியைத் தாண்டிய ஒலியில் எத்தனை பங்கை வெளியே விடுவது என்பதை இது வரையறுக்கும். ஒரு கணக்கால் விளக்குவோம். வாயிற்படி கழித்தல் 20 டெசிபெலில் இருக்கிறது. விகிதம் 4-க்கு 1. செயலாளரின் ‘பெரியோர்களே’ கழித்தல் 8 டெசிபெலில் வந்து சேர்கிறது. அது படியை 12 டெசிபெல் தாண்டிவிட்டது. 12-ஐ 4-ஆல் வகுக்க 3. ஆகவே அக்குரல் படிக்குமேல் 3 டெசிபெல் மட்டுமே எழுந்து, கழித்தல் 17-இல் வெளிவரும். குறைக்கப்பட்டது 9 டெசிபெல். கருவியிலுள்ள ஒலிக்குறைப்பு மீட்டர் காட்டுவது இந்த ஒன்பதையே. பேச்சுக்கு 2-க்கு 1 முதல் 4-க்கு 1 வரை தக்கது. 10-க்கு 1-உம் அதற்கு மேற்பட்டதும் அநேகமாகச் சுவர் போன்றவை. அவ்வாறு அமைந்த அடக்கியை லிமிட்டர் என்பர்.

சில கருவிகளில் நீ என்றொரு திருகும் உண்டு. ஆங்கிலத்தில் முழங்கால் என்பது அதன் பொருள். படியைத் தாண்டிய கணமே முழு விகிதமும் வந்து விழுந்தால் அது விறைத்த முழங்கால். படியை நெருங்கும்போதே சிறிது சிறிதாக விகிதம் ஏறினால் அது மடங்கும் முழங்கால். மனிதக் குரலுக்கு மென்மையாக மடங்குவதே இதமாக இருக்கும்.

மூன்றாவது அட்டாக், பற்றும் வேகம். ஒலி படியைத் தாண்டியபின் எத்தனை விரைவில் கருவி அதைப் பற்ற வேண்டும் என்பதை இது குறிக்கும். இதன் அளவு மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விரைவாகப் பற்றுவதே நல்லது என்று புதியவர்கள் எண்ணுவர். அஃது எப்போதும் பொருந்தாது. வல்லின ஓசைகள், வாயில் தடைப்பட்ட காற்று வெடித்து வெளிப்படுவதால் பிறப்பவை. ‘கட்டி’ என்பதையும் ‘கத்தி’ என்பதையும் தெளிவாகப் பிரித்துக் கேட்க அந்த வெடிப்பின் கூர்மை துணைசெய்கிறது. மிக வேகமாகப் பற்றினால் அக்கூர்மை மழுங்கிவிடும். மிக மெதுவாகப் பற்றினாலோ வெடிப்பு அடங்காமல் காதைக் குத்தும். பேச்சுக்கு 5 முதல் 15 மில்லி விநாடி வரையில் தொடங்கிப் பார்ப்பது நலம்.

நான்காவது ரிலீஸ், விடும் வேகம். எங்களைத் தவறச் செய்தது இத்திருகே. உரத்த ஒலி தணிந்தபின் கருவி தன் பிடியைத் தளர்த்தி, ஒலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எடுத்துக்கொள்ளும் காலம் இது. நாங்கள் இதை 3 விநாடியில் நிறுத்தியிருந்தோம். ‘பெரியோர்களே, தாய்மார்களே!’ என்னும் அழைப்பு 9 டெசிபெல் அமுக்கத்தை உண்டாக்கியது. அமுக்கம் தளருமுன் ‘நாளை விடியற்காலையில்’ என்று வாக்கியம் தொடங்கிவிட்டது. நடுச்சொற்களும் அவ்வப்போது படியைத் தாண்டியதால் பிடி இறுகியே இருந்தது. கடைசிச் சொல்லில் குரல் தானாகத் தாழ்ந்தபோது, கருவியும் அதைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. ஏற்கெனவே மெலிந்த ‘காது’ என்னும் ஓசை மின்விசிறியின் இரைச்சலுக்குக் கீழே போய்விட்டது. விடும் வேகம் 150 மில்லி விநாடியாக இருந்திருந்தால், குரல் தணிந்த சிறுபொழுதிலேயே பிடி தளர்ந்து, கடைசிச் சொல் தன் இயல்பான அளவோடு பின்வரிசைக்குச் சென்றிருக்கும்.

அப்படியானால் இத்திருகை மிகக் குறைந்த அளவில் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதிலும் கேடு உண்டு. சொல்லுக்குச் சொல் இடையிலுள்ள சிறு மௌனத்தில் ஒலி சட்டென்று ஏற, விசிறியின் ஓசையும் தெருவோசையும் குபீரென்று எழுந்து, அடுத்த சொல் வந்ததும் அடங்கும். கருவி மூச்சுவாங்குவதுபோல் அது கேட்கும். இன்னும் குறைத்தால் குரலே கரகரக்கும். விநாடிக்கு 100 அதிர்வுடைய ஆண்குரலில் ஓர் அதிர்வுக்கு 10 மில்லி விநாடி ஆகிறது. அதனினும் விரைவாகப் பற்றியும் விட்டும் வந்தால், கருவி குரலின் ஏற்றத்தாழ்வைப் பின்பற்றுவதை விட்டு அலையின் வடிவத்தையே சிதைக்கத் தொடங்கும். பேச்சுக்கு 100 முதல் 200 மில்லி விநாடி வரை நடுவழி எனலாம்.

ஐந்தாவது மேக்கப் கெயின், ஈடுகட்டும் பெருக்கம். ஒலியடக்கி மெல்லிய ஒலியைத் தானாக உயர்த்துவதில்லை; உரத்ததைத் தாழ்த்த மட்டுமே அறியும். தாழ்த்தியதால் மேலே இடம் பிறக்கிறது. அவ்விடத்திற்கு ஏற்ப எல்லாவற்றையும் ஒருசேர உயர்த்துவது இத்திருகின் வேலை. இதனால் மெல்லிய சொல் உயரும். கூடவே விசிறியின் இரைச்சலும் அதே அளவு உயரும். மண்டபத்தில் ஒலிபெருக்கி நேரே மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊளைச் சத்தமும் கிளம்பும். ஆகையால் மேடையில் இத்திருகைக் கஞ்சனைப்போல் கையாளவேண்டும். வீட்டிலோ அறையிலோ பதிவு செய்யும்போது சற்றுத் தாராளமாக இருக்கலாம்.

எல்லாக் கருவிகளிலும் இவ்வைந்தும் தனித்தனியே இரா. 1960-களின் முற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிப் புகழ்பெற்ற எல்.ஏ. 2ஏ என்னும் கருவியில், அடக்கும் அளவுக்கு ஒன்றும் பெருக்கத்திற்கு ஒன்றுமாக இரு திருகுகளே முதன்மையானவை. அதனுள்ளே ஒலிக்கேற்ப ஒளிரும் தகடு ஒன்றும், அவ்வொளிபட்டுத் தடை மாறும் உறுப்பு ஒன்றும் அமர்ந்து, பற்றும் வேகத்தையும் விடும் வேகத்தையும் தாமே முடிவுசெய்தன. 1967-இல் வந்த 1176 என்னும் கருவியிலோ அவ்விரண்டு வேகங்களுக்கும் திருகுகள் உண்டு. ஆனால் அவற்றை வலமாக முழுதும் திருப்பினால் வேகம் மிகும். மில்லி விநாடியைக் காட்டும் திருகுகளில் இதற்கு நேர்மாறாக, எண் பெருகப் பெருக வேகம் குறையும். நம் சங்கங்களிலுள்ள சிறு மிக்ஸர்கள் சிலவற்றில் ஒரே திருகு மட்டும் இருக்கும். அதைத் திருப்பத் திருப்ப அமுக்கமும் பெருக்கமும் உள்ளே சேர்ந்தே ஏறும். அத்தகையதைக் கால்வாசிக்குமேல் திருப்புமுன் இருமுறை யோசிப்பது நலம். கைத்தொலைபேசியிலும் கணிப்பொறியிலும் உள்ள ஒலிப்பதிவுச் செயலிகள் பலவற்றில் ஐந்து திருகுகளும் படமாக நம் கண்முன் நிற்கின்றன.

இனி, திருத்தும் முறை. எங்கள் தவற்றுக்குப்பின் நாங்கள் கைக்கொண்டு பயன்கண்ட வரிசை இதுவே.

முதலில் பேச்சாளரை மைக்குக்கு அருகே அழைத்து வாருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு ஓரடியிலிருந்து அரையடியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும், இரைச்சல் உயராது. எந்தத் திருகும் தராத ஊதியம் இது. அடுத்து, ஈடுகட்டும் பெருக்கத்தைச் சுழியத்தில் நிறுத்தி, விகிதத்தை வேண்டுமென்றே 10-க்கு 1 என உயர்த்துங்கள். கருவியின் செயல் செவிக்கு அப்பட்டமாகத் தெரிவதற்காகவே இவ்வாறு செய்கிறோம். மீட்டரின் முள் நன்றாக அசையும் வரை வாயிற்படியை இறக்குங்கள். பின்னர்ப் பற்றும் வேகத்தை மாற்றிக்கொண்டே வல்லின எழுத்துகளைக் கேளுங்கள். அவை மழுங்காத இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து விடும் வேகம். யாரையேனும் உரக்க அழைத்துவிட்டு உடனே, ‘வேண்டாம்’ என்று முடியும் ஒரு வாக்கியத்தைத் தணிந்த குரலில் சொல்லச் சொல்லுங்கள். அந்த ‘டாம்’ மண்டபத்தின் கடைசி நாற்காலியில் தெளிவாகக் கேட்கும் இடமே சரியான இடம்.

இவ்விரண்டும் அமைந்தபின் விகிதத்தை 3-க்கு 1 என இறக்குங்கள். உரத்த இடங்களில் மீட்டர் 3 முதல் 6 டெசிபெல் வரை குறைவு காட்டுமாறு வாயிற்படியைத் திருத்துங்கள். மெல்லிய இடங்களில் முள் அசையாது நிற்கவேண்டும். அங்கும் அசைந்தால் படி தாழ்ந்துவிட்டது என்று அறிக. முடிவில், குறைந்த அளவுக்கு ஈடாகப் பெருக்கத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, கருவியை இணைத்தும் விலக்கியும் இரண்டும் ஒரே உரப்பில் இருக்கும்படி ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வெச்சரிக்கை ஏனெனில், உரத்ததையே நல்லதென்று நம் செவி ஏமாந்துபோகும்.

கச்சேரிக்கு அளவுகள் மாறும். மிருதங்கத்தின் அடியில் முதற்கணமே உயிர். பற்றும் வேகத்தைத் தாமதப்படுத்தி, 20, 30 மில்லி விநாடி என விட்டால்தான் அந்த ‘தோம்’ முழுமையாக வெளிவரும். பாட்டு, வயலின், மிருதங்கம், தம்பூரா யாவற்றையும் ஒரே ஒலியடக்கியின் வழியே செலுத்தினால் தம்பூராவை உற்றுக் கேளுங்கள். மிருதங்கம் முழங்குந்தோறும் தம்பூரா அமிழ்ந்து, பிறகு மிதந்தெழுந்தால், கருவி தன் எல்லையை மீறிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. கூடுமானவரை ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனியே அடக்கியை அமைப்பதே சிறப்பு. ஆலாபனையில் பாடகர் வேண்டுமென்றே குரலைத் தணிக்கும் இடத்தை நாம் உயர்த்திவிட்டால், அவர் தந்ததை நாம் தட்டிப் பறித்தவர் ஆவோம்.

இக்கருவியால் ஆகாதவையும் உண்டு. பதிவின்போதே உச்சியில் இடித்துச் சிதைந்த குரலை இது மீட்டுத் தராது. இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்காது. எல்லாச் சொல்லையும் ஒரே அளவாக்கிவிட்டால் கேட்போர் தெளிவடைவார் என்று எண்ணுவதும் பிழை. கோபத்தில் ஏறும் குரலும், பரிவில் தணியும் குரலும் பொருளின் பகுதிகளே. அவ்வேற்றுமை நிற்க வேண்டும். ஆனால் தணிந்த குரல் காதுக்கு எட்டவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே நடப்பதுதான் ஐந்து திருகுகளின் கலை.

அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கும் அதே செயலாளரே அறிவிப்பைச் செய்தார். அவர் வழக்கம்போல உரக்க அழைத்து, வழக்கம்போலத் தணிந்து முடித்தார். அவரை மாற்ற நாங்கள் முயலவில்லை. தமிழில் பேசுவோர் பலரும் அப்படித்தானே பேசுகிறார்கள்! விடும் திருகை மட்டும் 150-இல் நிறுத்தியிருந்தோம். எங்களுள் ஒருவர் கடைசி வரிசையில், விசிறிக்குக் கீழே அமர்ந்து, வாக்கியத்தின் இறுதிச் சொல் காதில் விழுந்ததும் கையை உயர்த்திக் காட்டினார். மறுநாள் விடியலில் மன்றத்து வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. பேருந்து நின்ற இடத்தில் எல்லாக் குடும்பங்களும் ஏறிக்கொண்டன.

அன்பர்களே, உங்கள் மன்றத்தில் மிக்ஸருக்கு முன் அமரும் பொறுப்பு உங்களுக்கு வாய்க்குமானால், மீட்டரை ஒரு கண்ணால் பாருங்கள். கடைசி வரிசைக்கு ஒரு நண்பரை அனுப்பி வையுங்கள். அங்கே வாக்கியம் முழுமையாகச் சென்று சேர்ந்ததென்று அவர் சொன்னபிறகே திருகிலிருந்து கையை எடுங்கள்.